புரட்டிப் பார்க்காத கடைசித் தாள்

புளத்கொகுபிட்டிய பஸ் தரிப்பிடத்துக்கு எதிரே, மருந்துக் கடைக்கும் சலூனுக்கும் நடுவில் நசுங்கிக்கொண்டு நின்றது பளீல் நானாவின் கடை. அங்கே போட்டோக்கொப்பி எடுக்கலாம், வெளிநாட்டுக்குப் பேசலாம், கல்யாணப் பத்திரிகை அடிக்கலாம். தொண்ணூற்றேழாம் ஆண்டில் அந்த ஊருக்கு இதெல்லாம் பெரிய விஷயம். அதைவிடப் பெரிய விஷயம் உள்ளறையில் ஒரு மேசையை முழுசாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த லேசர் பிரிண்டர். கொழும்பில் ஏதோ ஒரு கம்பனி கழித்துப் போட்டதை நானா பேரம் பேசி வாங்கி லொறியில் ஏற்றி வந்திருந்தார். கழித்துப் போட்டவர்களுக்கு ஒரு காரணம் இல்லாமலா இருக்கும்? அந்தக் காரணத்தோடுதான் கடையில் வேலை செய்த விஜயகலா அன்றாடம் மாரடித்துக்கொண்டிருந்தாள்.

அந்த மிஷின் எழுத்துகளை மூன்று இடங்களில் வைத்திருந்தது. இங்கிலீஷ் அதன் வயிற்றுக்குள்ளேயே இருந்தது. செய்தவர்களே உள்ளே வைத்து அனுப்பிவிட்டார்கள். கரண்ட் இருந்தால் போதும். சிங்களம் ஒரு கசட்டில் இருந்தது. பாட்டுக் கசட் அளவில் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் துண்டு; முன்பக்கத்துப் பொந்தில் செருகி வைத்தால் அதுவும் எந்நேரமும் தயார். தமிழுக்கு மட்டும் அந்தச் சொகுசு கிடையாது. அது ஒரு ஃப்ளொப்பி டிஸ்க்கில் இருந்தது. காலையில் கடை திறந்ததும் டிஸ்க்கைக் கம்பியூட்டரில் போட்டு, எழுத்தையெல்லாம் வயர் வழியாகப் பிரிண்டரின் ஞாபகத்துக்குள் அனுப்பி வைக்க வேண்டும். ஒரு பிளேன்டீ குடித்து முடிக்கிற நேரம் பிடிக்கும். அனுப்பிவிட்டால் குறையே சொல்ல முடியாது, அழகாகத்தான் அடிக்கும். ஆனால் கரண்ட் ஒரு சொடக்கு நேரம் போய் வந்தாலும் தீர்ந்தது. இங்கிலீஷும் சிங்களமும் இருந்த இடத்தில் இருக்க, தமிழை மட்டும் சுத்தமாக மறந்துவிட்டு ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கும். மறுபடி டிஸ்க், மறுபடி பிளேன்டீ.

"தமிழுக்கும் ஒரு கசட் வாங்கிப் போட்டா என்னங்க நானா?" என்று விஜயகலா ஒருமுறை கேட்டாள்.

"தமிழ்ல வார வேல கொஞ்சம்தானே புள்ள. அதுக்கு ஆரு கசட் செஞ்சு தாரது? நான் கேட்டுப் பாத்துட்டன், கொழும்புல சிரிக்கிறானுகள்" என்றார் பளீல் நானா.

அவர் சொன்னதில் பிழை கண்டுபிடிக்க முடியவில்லை. விஜயகலாவுக்கு எரிச்சல் மூட்டியதே அதுதான்.

மறப்பதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். தெரியாததைத் தெரியாது என்று சொல்லாத குணம் ஒன்று அந்த மிஷினுக்கு இருந்தது. கம்பியூட்டர் எழுத்தின் வடிவத்தை அனுப்புவதில்லை. இன்ன பெட்டியில் இத்தனையாவது எழுத்தைப் போடு என்று மட்டும்தான் கட்டளை அனுப்பும். சொன்ன பெட்டி இல்லாவிட்டால் மிஷின் நின்று கேட்காது. கைக்கு எட்டிய பக்கத்துப் பெட்டியில், அதாவது சிங்களக் கசட்டில், அதே இடத்தில் இருக்கும் எழுத்தை எடுத்துப் போட்டுக்கொண்டே போகும். எண்கள்கூடத் தப்பாது, ஏனென்றால் இடம் போதாமல் எண்களின் இடத்திலும் சிங்களக் கொம்புகளையும் சுழிகளையும் அந்தக் கசட்டில் திணித்திருந்தார்கள். வெளியே வரும் தாளைத் தூரத்தில் நின்று பார்த்தால் அச்சு அசல் சிங்கள நோட்டீஸ். கிட்டே போய் வாசித்தால் எந்த மொழியும் இல்லை. ஒரு பெண்ணின் சடங்குப் பத்திரிகை இப்படி வந்து, பெண்ணின் மாமன் கடை வாசலில் நின்று ஊரைக் கூட்டிய பிறகு விஜயகலா ஒரு பழக்கத்தை உண்டாக்கிக்கொண்டாள். தாள்கள் முகம் குப்புற ஒன்றன்மேல் ஒன்றாக விழும். கட்டைத் தூக்கிப் புரட்டினால் முதலில் அடித்தது மேலே இருக்கும். அதைப் பார்த்தால் போதாது. அடியில் இருக்கும் கடைசித் தாளையும் புரட்டிப் பார்க்க வேண்டும். நடுவில் கரண்ட் கண் சிமிட்டியிருந்தால் அதில் தெரிந்துவிடும். கம்பியூட்டருக்கு பேட்டரிப் பெட்டி ஒன்று இருந்ததால் அது அணையாது. பிரிண்டர் அந்தப் பெட்டிக்குத் தாங்காத கனம் என்று நேரே சுவரில் கொடுத்திருந்தார்கள். அதனால் பிரிண்டர் மறந்த விஷயம் கம்பியூட்டருக்குத் தெரியவே தெரியாது, அது பாட்டுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும்.

விஜயகலா தெலிகந்த தோட்டத்து மேக்கணக்கைச் சேர்ந்தவள். தோட்டத்தின் உச்சிப் பிரிவு அது. பஸ் இறங்கி, றப்பர் மரங்களுக்கு ஊடாக ஒரு மணி நேரம் ஏற வேண்டும். அங்கே போனும் கிடையாது, தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களில் கரண்டும் பாதியோடு நின்றுவிட்டது. வேலைக்காக அவள் ஊரில் பளீல் நானாவின் தங்கை றுகையா வீட்டில் தங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வீட்டுக்குப் போய் வந்தாள். வீட்டில் அம்மா சுப்பம்மாவும் தம்பி சதீஸும். அப்பா இல்லை.

சதீஸுக்கு இருபது வயது. எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் லயங்களுக்குத் தீ வைத்தபோது நிறை வயிற்றோடு ஓடிய சுப்பம்மா, றப்பர் காட்டுக்குள்ளே அவனைப் பெற்றாள். உயிர் பிழைத்ததே பெரிய பாடு என்றிருந்த நேரத்தில் பிறப்பைப் பதிய எவன் புத்தகமும் பேனையுமாக உட்கார்ந்திருப்பான்? பிறகு பதியலாம் பிறகு பதியலாம் என்று காலம் ஓடிவிட்டது. பிறப்புப் பத்திரம் இல்லை, அதனால் அடையாள அட்டை இல்லை. அட்டை இல்லாத தமிழ்ப் பொடியன் யுத்தம் நடந்த அந்தக் காலத்தில் கேகாலை பஸ் நிலையத்தைத் தாண்டுவதே பெரிய காரியம். கொழும்பு என்றால், புலியோ என்று பொலிஸார் சந்திக்குச் சந்தி நிறுத்துவார்கள்.

கொழும்பில்தான் அவனுக்கு வேலை காத்திருந்தது. புறக்கோட்டையில் ஒரு இரும்புக் கடை. தீபாவளி வரைக்கும் இடத்தை வைத்திருப்பதாக முதலாளி சொல்லியனுப்பியிருந்தார். கூடவே, 'ஐடென்டி இல்லாமல் இந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்காதே, உன்னையும் பிடிப்பார்கள், என்னையும் பிடிப்பார்கள்' என்றும் சொல்லியிருந்தார்.

ஆகவே நடமாடும் சேவை வருகிறது என்ற செய்தி சுப்பம்மா வீட்டுக்குச் சாமி இறங்கி வந்த மாதிரி இருந்தது. பிறப்புப் பதிவாளர், சமாதான நீதவான், போட்டோ பிடிப்பவர் என்று எல்லோரும் ஒரே நாளில் ஒரே இடத்தில் உட்காருவார்கள். அலுவலகம் அலுவலகமாக நாயாய் அலைய வேண்டிய வேலை ஒரு பகலில் முடிந்துவிடும். ஒக்டோபர் மாதம், திகதி இருபது, கீழ்க்கணக்குப் பள்ளிக்கூடம், மூன்று தோட்டங்களுக்கும் சேர்த்து. அந்த நோட்டீஸைத் தமிழில் அடித்தவளே விஜயகலாதான். அழகாக வந்திருந்தது. மேக்கணக்கு லயத்துச் சுவரில், கோயிலில், காலையில் வேலைக்குப் பெயர் பதியும் பெரட்டுக் களத்தில் எல்லாம் ஒட்டினார்கள். வாசிக்கத் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டினார்கள்.

பன்னிரண்டாம் திகதி ஞாயிற்றுக்கிழமை விஜயகலா வீட்டுக்குப் போனபோது சதீஸ் தலைமுடி வெட்டி, மீசையை ஒதுக்கி மாப்பிள்ளை மாதிரி நின்றான்.

"என்னடா, இன்னும் எட்டு நாள் கிடக்கு, இப்பவே மேக்கப்பா?"

"போட்டோவுல நல்லா விழணும்ல அக்கா. சாகுற வரைக்கும் அந்த மூஞ்சியதானே எல்லாரும் பாப்பாங்க."

"அவன் கண்ணாடிய வுட்டு நகர மாட்டேங்குறான்டி" என்று சுப்பம்மா அடுப்படியிலிருந்து அலுத்துக்கொண்டாள். அலுப்பில் சந்தோஷம்தான் இருந்தது. விஜயகலாவுக்கும் வயிறு குளிர்ந்தது. தம்பிக்கு ஒரு வழி பிறந்தால் அம்மா றப்பர் பால் வெட்டுவதை நிறுத்திவிடலாம் என்று அவள் போட்டிருந்த திட்டமெல்லாம் அந்த ஒரு அட்டையில் தொங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் திங்கட்கிழமை பின்னேரம், பிரதேச செயலாளர் அலுவலகத்து ஜீப் கடை வாசலில் வந்து நின்றது. சாரதி சோமபால மழையில் நனைந்துகொண்டே இறங்கி ஓடி வந்து, சிங்களத்தில் எழுதிய ஒரு துண்டை நீட்டினார். இருபதாம் திகதி யாரோ பெரிய மனிதர் மாவட்டத்துக்கு வருகிறாராம். எல்லா வாகனமும் அவர் பின்னால் போக வேண்டுமாம். அதனால் நடமாடும் சேவை பதினான்காம் திகதிக்கு மாற்றப்படுகிறது. பதினான்கு என்றால் நாளைக்கு.

"நாளைக்கா?" என்றாள் விஜயகலா. பெரிய மனிதர்கள் நினைத்தால் நாட்காட்டியையே கிழிப்பார்கள்.

"இக்மனட, நங்கி. சுருக்கா அடிச்சுக் குடுங்க, தங்கச்சி. நான் மூணு தோட்டத்துக்கும் இப்பவே கொண்டு போய்ப் போடணும்" என்றார் சோமபால. நல்ல மனிதர். தேநீர் குடிக்கக்கூட உட்காரவில்லை.

அவள் பரபரவென்று தமிழில் அடித்தாள். காலையில் ஏற்றிய தமிழ் எழுத்து மிஷினில் பத்திரமாக இருந்தது. முதல் தாள் வந்ததும் எடுத்துப் பார்த்தாள். பளிச்சென்று தமிழ். திகதி சரி, இடம் சரி. தாளைத் திரும்ப வைத்துவிட்டு மிச்சத்தையும் ஓட விட்டாள்.

பளீல் நானா தொழுகைக்குப் போயிருந்தார். முன்பக்கம் ஒரு அம்மா, சவூதியில் வீட்டுவேலை செய்யும் மகளோடு பேச வேண்டும் என்று வந்து, லைன் கிடைக்காமல் அழுதுகொண்டிருந்தாள். விஜயகலா போய் நம்பரைச் சுழற்றிச் சுழற்றிப் பார்த்தாள். வெளியே மலையே உடைவது போல் இடி விழுந்தது. ஐப்பசியில் அங்கே பின்னேரம் இடி விழாவிட்டால்தான் அதிசயம். முன்பக்கத்தில் பகலில் லைட் போடுவதில்லை. கரண்ட் போனதும் தெரியவில்லை, வந்ததும் தெரியவில்லை. லைன் கிடைத்து அந்த அம்மா பேசத் தொடங்கிய பிறகு அவள் உள்ளே வந்தாள். மிஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் வேலையை முடித்து நின்றது.

ஜீப்பின் ஹோர்ன் வாசலில் அலறியது. அவள் கட்டைத் தூக்கிப் புரட்டினாள். மேல் தாள் தமிழ். பதினான்கு என்ற எண்ணை ஒருமுறைக்கு இருமுறை பார்த்துக்கொண்டாள். எட்டு நாள் காத்திருக்கத் தேவையில்லை, நாளைக்கே தம்பியின் காரியம் ஆகிவிடும் என்று மனசு துள்ளியது. கட்டைப் பொலித்தீன் பையில் போட்டு நூலால் இறுக்கிக் கட்டினாள். கடைசித் தாளைப் புரட்டவில்லை. எத்தனையோ அற்பப் பத்திரிகைகளுக்குப் புரட்டியவள், அன்றைக்குப் புரட்டவில்லை.

வாசல் வரை ஓடிப் போய்ப் பையைக் கொடுத்தாள். "சோமபால அய்யே, மேக்கணக்குல நடு லயத்துலதான் எங்க வீடு. தம்பி சதீஸ்கிட்ட வாயாலயும் ஒரு வார்த்த சொல்லிடுங்களேன்."

"நோட்டிஸ் எக தியெனவனே, நங்கி" என்று சிரித்தார் அவர். "நோட்டிஸ்ல எல்லாம் இருக்குதானே. மழையில அங்க மேல ஜீப் ஏறாது. கங்காணி கையில குடுத்து அனுப்புறேன்."

அதுவும் நியாயம்தான் என்று அவளுக்குப் பட்டது. தான் அடித்த தாள் போகும்போது வாய் எதற்கு?

சோமபால கட்டைப் பிரித்து மேலிருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டே போனார். வழியில் இருந்த இரண்டு தோட்டங்களுக்கும் தெலிகந்த கீழ்க்கணக்குக்கும் நல்ல தாள்கள் கிடைத்தன. அடியில் கிடந்தவைதான் மேக்கணக்குக்கு மிஞ்சின. நனையாமல் இருக்கட்டும் என்று சிலவற்றைப் பையோடு சுற்றிக் கங்காணியிடம் கொடுத்தார். நோட்டீஸில்தான் எல்லாம் இருக்கிறதே என்று திகதியை வாயால் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை முழுவதும் விஜயகலா கடையில் உட்கார்ந்தபடி கீழ்க்கணக்குப் பள்ளிக்கூடத்தில்தான் இருந்தாள். இப்போது வரிசையில் நிற்பான், இப்போது போட்டோவுக்கு உட்காருவான், அம்மா சாட்சி சொல்ல வாய் வராமல் திணறுவாள். "என்ன புள்ள, தனியச் சிரிக்கிறாய்?" என்று பளீல் நானா கேட்டார். அவள் விஷயத்தைச் சொன்னாள். "அல்ஹம்துலில்லாஹ், நல்ல விஷயம். ஐடென்டி வந்ததும் ஒரு போட்டோக்கொப்பி எடுத்து வெச்சிரு, சல்லி வேணாம்" என்றார்.

கடை மூடுகிற நேரத்தில் சோமபால வந்தார். முகம் சரியில்லை.

"நங்கி, உங்க மேக்கணக்கு ஆளுங்களுக்கு என்ன பிரச்சின? மத்த எல்லா இடத்துலயும் ஆள் வந்தாங்க. அங்க இருந்து ஒருத்தரும் வரல்லயே. எங்க பெரிய ஆபீசர் மாத்தயா கடைசி வரைக்கும் பாத்துட்டு மூடச் சொல்லிட்டார்."

விஜயகலா கையிலிருந்த பூட்டை மேசையில் வைத்தாள். "நோட்டீஸ் குடுத்தீங்களா?"

"குடுத்தேனே. கொஞ்சம் மிஞ்சினது ஜீப்ல கிடக்கு" என்று சொல்லி எடுத்து வந்தார். அவர் கையில் வரும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. வளைந்து வளைந்து, உருண்டை உருண்டையாக, முழுத்தாளும் சிங்களம்.

"இது சிங்களத்துல அடிச்சதுதானே?" என்றார் சோமபால. "நானும் மேலால பாத்தேன். ரெண்டு பாஷையிலயும் அடிச்சிருக்கீங்கன்னு நெனச்சேன்."

பளீல் நானா தாளை வாங்கினார். அவருக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. முதல் வரியை வாய்விட்டு வாசித்தார். வந்த சத்தம் சிங்களமும் இல்லை, தமிழும் இல்லை. இரண்டாவது வரியில் அவருக்கு விளங்கிவிட்டது. நிறுத்தி, தாளை மடித்து, விஜயகலாவைப் பார்க்காமல் பிரிண்டரைப் பார்த்தார்.

"கடைசித் தாள்..." என்று தொடங்கினார்.

"பாக்கல நானா" என்றாள் அவள்.

அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் தேவலை. சோமபால மட்டும், "நாளைக்கு மாத்தயாகிட்ட கதைச்சுப் பாக்கலாம்" என்றார். கதைத்துப் பார்க்க எங்கே? அவர்கள் ஏற்கெனவே மேசை கதிரைகளைக் கட்டிக்கொண்டு கேகாலைக்குப் போய்விட்டிருந்தார்கள்.

புதன்கிழமை காலை முதல் பஸ்ஸில் விஜயகலா தோட்டத்துக்குப் போனாள். லயத்துச் சுவரில் இரண்டு நோட்டீஸ்களும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியிருந்தன. பழையது மழையில் கசங்கியிருந்தது. புதியது நான்கு மூலையும் பசை தடவி, சுருக்கம் விழாமல் நேர்த்தியாக இருந்தது. சதீஸ் சிரித்துக்கொண்டு வந்தான்.

"என்னக்கா, வேல நாள்ல வந்துட்ட? இத பாத்தியா, நாந்தான் ஒட்டுனேன். சிங்களத்துலயும் அடிச்சுட்டாங்க போல. கங்காணி கொண்டாந்து குடுத்தாரு."

"என்ன எழுதியிருக்குன்னு ஒருத்தர்ட்டயும் கேக்கலயாடா?"

"ஏன் கேக்கல? வாச்சர் பண்டா மாமாகிட்ட காட்டுனேன். கொஞ்ச நேரம் வெச்சுப் பாத்தாரு. 'அதேதான், அதேதான், நடமாடும் சேவை'ன்னாரு."

மேக்கணக்கில் சிங்களம் பேசாதவர்கள் இல்லை. கடையில் பேசுவார்கள், பஸ்ஸில் பேசுவார்கள், சண்டையும் பிடிப்பார்கள். விஜயகலா இல்லாத நாளில் வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள் பக்கத்துக் கிராமத்திலிருந்து காவலுக்கு வரும் வாச்சர் பண்டா. அவருக்கும் அந்தத் தாளில் ஒரு சொல் விளங்கியிருக்காது. கந்தோர்ச் சிங்களம் அப்படித்தான் இருக்கும், நம் படிப்புக்கு எட்டாது என்று நினைத்திருப்பார். தோட்டத்துப் பிள்ளைகள் முன்னால் அதைச் சொல்ல வெட்கப்பட்டு அதேதான் என்றுவிட்டார். பாவம், அவரைச் சொல்லி என்ன? பெரிய கந்தோர்களில் இருந்து வரும் தாள் விளங்காமல் இருப்பது அந்த மலையில் யாருக்கும் புதிதில்லை.

விஜயகலா விஷயத்தைச் சொன்னாள். அடித்ததும் தான்தான், பார்க்காமல் அனுப்பியதும் தான்தான் என்பதையும் சொன்னாள். சதீஸ் அவளை நம்பினான். சுவரில் தான் ஒட்டிய தாளின் ஒரு மூலையை நகத்தால் கிளப்பினான். சுப்பம்மா மட்டும், "அப்ப இருவதாந் தேதி?" என்றாள். "இல்லம்மா" என்றாள் விஜயகலா. "இங்க தமிழ்ல போட்டிருக்கேடி" என்று அம்மா பழைய நோட்டீஸைக் காட்டினாள்.

மற்றவர்களும் அதையேதான் சொன்னார்கள். நேற்று முடிந்துவிட்டது என்று ஒரு பெண் வந்து சொல்வதா பெரிது, அரசாங்கம் தமிழில் அடித்து ஒட்டிய நோட்டீஸா பெரிது? கீழ்க்கணக்கு ஆட்கள் வந்து சொன்ன பிறகும் பாதிப் பேர், "அது அவங்களுக்கு வச்ச நாளு, நம்மளுக்கு இருவது" என்று நியாயம் பேசினார்கள். இருபதாம் திகதி அரைநாள் பெயரை, அதாவது அரைநாள் சம்பளத்தை, இழந்து, பெட்டியிலிருந்த நல்ல சேலை கட்டி, தலைக்கு எண்ணெய் வைத்து, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மலை இறங்கினார்கள். பள்ளிக்கூடத்தில் பாடம் நடந்துகொண்டிருந்தது. வெயில் ஏறும் வரைக்கும் மைதானத்து ஓரத்தில் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பி ஏறினார்கள். சுப்பம்மாவும் போய்த்தான் வந்தாள். சதீஸ் போகவில்லை.

இடையில் விஜயகலா அவனைக் கூட்டிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனாள். வாசலில் பிற்பகல் வரை காத்திருந்த பிறகு மாத்தயாவைப் பார்க்க முடிந்தது. கெட்டவர் இல்லை, உட்காரச் சொன்னார். மேக்கணக்கு மக்களுக்கு விருப்பம் இல்லை என்று மேலே எழுதி அனுப்பியாகிவிட்டது என்றார். அடுத்த சேவை அடுத்த வருஷம். வேறு தோட்டங்களும் வரிசையில் நிற்கின்றன.

"தவறு எங்க கடையில நடந்துச்சுங்க, ஐயா. எழுத்து மாறிப்போச்சு" என்று அவள் சிங்களத்தில் விளக்கினாள். பெட்டி, கசட், கரண்ட் எல்லாம் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"மிஷின் செய்த பிழைக்கு நான் என்ன செய்ய, நங்கி?" என்றார் கடைசியில்.



தீபாவளிக்குச் சுப்பம்மா பலகாரம் சுட்டாள். யாரும் வாயில் வைக்கவில்லை என்று சொல்ல முடியாது, பேசிக்கொள்ளாமல் தின்றார்கள். தின்று முடித்ததும் சதீஸ், தான் நாளைக்குக் கொழும்புக்குப் போவதாகச் சொன்னான்.

"ஐடென்டி இல்லாம எப்படிடா போவ?"

"மொதலாளி இடத்த வேற ஆளுக்குக் குடுத்துருவாரு அக்கா. அடுத்த வருசம், அடுத்த வருசம்னு நா இங்க றப்பர் மரத்த எண்ணிக்கிட்டு இருக்கவா? பஸ்ஸுல தூங்குற மாதிரி போயிருவேன். சிங்களம் நல்லாத்தானே பேசுறேன். கேட்டா ஏதாவது சொல்லிக்குவேன்."

போகாதே என்று சொல்லும் யோக்கியதை தனக்கு இல்லை என்று நினைத்தாள். அந்த நினைப்பும் ஒரு பிழைதான் என்பது பிறகுதான் விளங்கியது.

கொழும்புக்குள் நுழையும் பாலத்தடியிலேயே பஸ்ஸை நிறுத்தினார்கள். எல்லோரையும் இறக்கி அட்டை கேட்டார்கள். அவன் சிங்களம் அவர்களுக்கு நன்றாகவே பிடித்திருந்தது போலும். இவ்வளவு நல்ல சிங்களம் பேசும் தமிழனிடம் அட்டை இல்லாமல் இருப்பது எப்படி என்று அதையே சந்தேகமாக எடுத்துக்கொண்டார்கள். அவனைப் பிடித்து எந்தப் பொலிஸ் நிலையத்தில் வைத்திருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்கவே இரண்டு வாரம் ஆனது. பளீல் நானா கொழும்பில் தனக்குத் தெரிந்தவர்களை எல்லாம் போனில் பிடித்துக் காலில் விழாத குறையாகக் கேட்டுத்தான் இடத்தைத் தெரிந்துகொண்டார்.

விஜயகலாவும் சுப்பம்மாவும் போனார்கள். ஒருவருக்குத்தான் அனுமதி என்றார்கள். சிங்களம் தெரிந்தவள் போகட்டும் என்று அம்மா வெளியே வாங்கில் உட்கார்ந்துகொண்டாள்.

சதீஸை ஒரு மேசைக்கு அந்தப் பக்கம் கொண்டு வந்து நிறுத்தினார்கள். மீசை இல்லை. இடது காதைக் கையால் மறைத்துக்கொண்டே பேசினான்.

"அடிச்சாங்களா?"

"அத வுடுக்கா. அம்மாகிட்ட சொல்லிறாத." கொஞ்சம் நெருங்கிக் குரலைத் தாழ்த்தினான். "இனிமே பயமில்ல. முந்தாநாளு எல்லாம் எழுதி முடிச்சுட்டாங்க. ஒப்பம் போட்டா சுருக்கா வீட்டுக்கு வுட்டுருவோம்னாங்க. போட்டுட்டேன்."

"எதுல?"

"தாளுல. நாலஞ்சு தாளு. சிங்களத்துல அடிச்சிருந்துச்சு."

விஜயகலா மேசைமேல் குனிந்தாள். "என்னடா எழுதியிருந்துச்சு அதுல? வாசிச்சுக் காட்டச் சொன்னியா?"

"பேரு, தோட்டம், அம்மா பேரு, எல்லாம் கேட்டாங்கல்ல. அதத்தான் எழுதியிருப்பாங்க. வேற என்னத்த எழுதப் போறாங்க?"

அவள் பக்கத்தில் நின்ற உத்தியோகத்தரிடம் திரும்பினாள். தனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியும், தம்பி கையெழுத்துப் போட்ட தாளை ஒரு தடவை பார்க்க முடியுமா என்று கெஞ்சிக் கேட்டாள். அது மேலிடத்துக்குப் போய்விட்டது என்றார் அவர். எதை ஒப்புக்கொண்டதாக அதில் இருக்கிறது என்று கேட்டாள். அதை வழக்கில் தெரிந்துகொள்ளலாம் என்று சொல்லிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார்.

வழக்கு என்ற சொல் சதீஸின் காதில் விழவில்லை. நல்ல காது அந்தப் பக்கம் இருந்தது. அவன் அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சரியாத்தானே அக்கா செஞ்சேன்?"

"சரிதாண்டா" என்றாள் விஜயகலா.